ப்ளூ டிக்குக்கு அர்த்தம் தேடும் தோழிகள்

மேடம், எனக்கு வயது 27. சென்னையில் ஐடி வேலை. டேட்டிங் ஆப் மூலம் அறிமுகமான ஒருவருடன் ஐந்து மாதமாகப் பழகுகிறேன். நேரில் பார்த்தால் அவ்வளவு அன்பாக இருக்கிறார். அப்புறம் பத்து நாளுக்குச் சத்தமே இருக்காது, ப்ளூ டிக் மட்டும் விழும். திடீரென்று இரவு பதினொரு மணிக்கு "தூங்கிட்டியா?" என்று வரும். எங்கள் உறவு என்ன என்று கேட்டால், "இப்பவே எதுக்குப் பேர் வைக்கணும்?" என்கிறார். ரூம்மேட்கள் எல்லா மெசேஜையும் படித்துவிட்டு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். போன வாரம் எல்லோரும் சேர்ந்து 'ஹீ இஸ் ஜஸ்ட் நாட் தட் இன்டு யூ' என்ற ஆங்கிலப் படம் பார்த்தோம். ஆசை இருப்பவன் தானே போன் பண்ணுவான் என்று படம் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் நாயகி ஜிஜிக்கு, அந்த அறிவுரையைச் சொன்ன அலெக்ஸே கிடைத்துவிடுகிறான். நானும் அப்படி ஒரு விதிவிலக்காக இருக்கக் கூடாதா? வீட்டில் வேறு வரன் பார்க்கிறார்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த விதிவிலக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். அலெக்ஸ் ஜிஜியின் வீட்டுக்கே வந்து, மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிறான். அர்த்தம் கண்டுபிடிக்கத் தோழிகள் தேவைப்படவில்லை. அதற்கு முன் அவனுடைய அக்கறையைக் காதல் என்று ஜிஜியே முடிவு செய்துகொண்டபோது, அவமானம்தான் மிஞ்சியது.

பேர் வைக்கத் தயங்குவதை மட்டும் வைத்து அவரை எடைபோட மாட்டேன். அதே படத்தில் நீல், ஏழு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கல்யாணம் வேண்டாம் என்றவன். ஆனால் அவன் காதலி பெத்தின் அப்பா நெஞ்சுவலியில் விழுந்தபோது, வந்து நின்று பாத்திரம் கழுவியதும் அவன்தான். உங்களவர் விஷயத்தில் எனக்கு உறுத்துவது அந்தப் பத்து நாள் மௌனம்.

அப்படியும் அவரை விட முடியாமல் நீங்கள் தவிப்பதற்குக் காரணம் உண்டு. எத்தனை தடவை கொத்தினால் தீனி விழும் என்று தெரியாத புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருப்பதை, உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957ல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று தெரியாத மெசேஜும் மனதை அப்படித்தான் பிடித்து வைக்கிறது. அந்தத் தவிப்பின் அளவை வைத்துக் காதலின் ஆழத்தை அளக்காதீர்கள்.

இன்றே ஒரு தாளில் கடந்த இரண்டு மாதச் சந்திப்புகளை எழுதுங்கள். நாள் குறித்தது யார், சொன்னபடி வந்தாரா, பகலில் கூப்பிட்டாரா? இந்த மூன்று மட்டும் போதும். அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை அதில் எழுத வேண்டாம்.

பிறகு நேரில், பகல் வேளையில், ஒரே ஒரு தடவை கேளுங்கள்: "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கல்யாணத்தை மனசுல வச்சுத்தான் பழகுறேன். உங்களுக்கும் அந்த எண்ணம் இருக்கா?" கேட்டதும் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். அந்த நாலு விநாடி மௌனம் தாங்காமல், "வேலை பிஸின்னா பரவாயில்ல" என்று தப்பிக்கும் வழியை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். நள்ளிரவில் நீளமான வாட்ஸப் மெசேஜாகக் கேட்டாலும் இதே கதிதான். ஒரு ஹார்ட் எமோஜி வரும், கேள்வி அப்படியே நிற்கும்.

ஆமாம் என்றால், அடுத்த இரண்டு வாரத்தில் அது நடத்தையில் தெரிய வேண்டும்: அவரே நாள் குறிக்க வேண்டும், நண்பர் ஒருவருக்காவது உங்களை அறிமுகம் செய்ய வேண்டும். "பார்க்கலாம்" என்றால், நீங்கள் தேடுவது அவரிடம் இல்லை என்றுதான் பொருள். அவருடனான வாட்ஸப் உரையாடலை ஆர்கைவ் செய்யுங்கள், அவருக்கு உங்கள் ஸ்டேட்டஸை மறையுங்கள். ஸ்டேட்டஸ் வழியே மறைமுகமாகப் பேச ஆரம்பித்தால், பழைய சுழல் மறுபடி தொடங்கிவிடும். இரவு மெசேஜ் தொடர்ந்தால் பிளாக் செய்வதில் தப்பே இல்லை.

ரூம்மேட்களுக்கு இனி ஸ்கிரீன்ஷாட் காட்டாதீர்கள். உங்கள் மேல் இருக்கும் பிரியத்தால்தான் சமாதானம் சொல்கிறார்கள், ஆனால் அது உங்களைக் காத்திருக்க வைக்கிறது. "விளக்கம் வேணாம்டி, என்கூட சாப்பிட வா" என்று கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். இவர் மேல் உள்ள கோபத்தில் பெண் பார்க்க வரச் சொல்ல வேண்டாம்.