தினமும் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், காவலர் உடற்தகுதித் தேர்வுக்கு இது போதுமா?

போதாது. விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து நான்கு முட்டையைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றரை வருடம் நானும் அதைத்தான் செய்தேன்.

ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், 400 மீட்டர் டிராக்கில் சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடி. நான் 5 நிமிடம் 40 நொடியில் முடித்துவிட்டு, பின்னால் வருகிறவர்களை இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து கயிறு. 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு; இந்தத் தேர்வில் திறமையை ஸ்டாரில்தான் அளப்பார்கள். மூன்று மீட்டர் சர்ரென்று போனேன், அதற்கு மேல் விரல்கள் தானாக விரிந்துகொண்டன. மூச்சு இருந்தது, பிடிதான் இல்லை. சறுக்கியதில் இரண்டு உள்ளங்கையும் உரிந்துபோய், ஒரு வாரம் அம்மா சோறு ஊட்டிவிட்டார். அப்போது எனக்கு 24 வயது.

"உனக்குத் தெம்பில்லை, ஓட்டத்தை ஏன் குறை சொல்கிறாய்" என்று சிலர் வருவார்கள். ஓட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓட்டம் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்கும், அவ்வளவுதான். கயிற்றுக்கு முன்கையிலும் முதுகிலும் வலு வேண்டும், நீளம் தாண்ட ஒரே நொடியில் வெடித்துக் கிளம்பும் கால் வேண்டும், 100 மீட்டருக்கு வேகம். ஒன்றைப் பழகினால் இன்னொன்று தானாக வராது. உடல் எடையும் கவனத்தில் இருக்கட்டும், கயிற்றில் ஒவ்வொரு கிலோவையும் கைதான் தூக்குகிறது.

அப்புறம் ஓட்டத்தை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்தேன். புல்லப்ஸ் கம்பியில் ஈரத்துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்கினேன், முதல் நாள் 12 நொடிகூடத் தாங்கவில்லை. தொங்கிய மறுநாள் கைக்கு ஓய்வு, இதை மட்டும் விடாதீர்கள், ஆர்வக்கோளாறில் தினமும் தொங்கி முழங்கை வலியோடு திரிந்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து 6 மீட்டரைத் தொட்டேன்.

எழுத்துத் தேர்வு மதிப்பெண் காலை வாரியது வேறு கதை. ஆனால் முதல் முறை பணம் கட்டிச் சேர்ந்து, "ஓடு, ஓடு" என்பதைத் தவிர எதுவும் சொல்லித்தராத அந்தப் பயிற்சி மையம், நான் விலகிய பிறகு, என் ஃபேஸ்புக் படத்தை எடுத்துப் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் அடித்து வைத்திருந்தது. பெயரிலும் எழுத்துப்பிழை.