சீட் கிடைச்சிடும், அப்புறம் என்ன?

வணக்கம் அண்ணா,

பந்தலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இந்த வருடம் பிளஸ் டூ முடித்த, பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த பெண் ஒருத்தி, "வக்கீலுக்குப் படிக்கிறேன் டீச்சர்" என்கிறாள். வீட்டில் நர்ஸிங் போகச் சொல்கிறார்கள். ஸ்டாஃப் ரூமில் கேட்டால், "எஸ்டி கோட்டா இருக்கு, சீட் கிடைச்சிடும், அப்புறம் என்ன?" என்று முடித்துவிடுகிறார்கள். அனுப்பவும் பயமாக இருக்கிறது, தடுக்கவும் மனம் வரவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

அனுப்புங்கள்.

சீட் விஷயத்தில் ஸ்டாஃப் ரூம் சொல்வது பெரும்பாலும் சரிதான். நம் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்து வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். பழங்குடியினருக்கு 1 சதவீத ஒதுக்கீடு. அதோடு, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீதம் 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு, அது டாக்டருக்கு மட்டும்தான் என்று இன்னும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கதை வேறு: கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், முழுக்க இங்கிலீஷ். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் ஷம்நாத் பஷீர் என்ற சட்டப் பேராசிரியர் 2010இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கி, வசதியில்லாத பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பயிற்சி கொடுக்க வைத்தார். அவர் 2019இல் இறந்துவிட்டார், அமைப்பு இருக்கிறது.

என் கவலை "அப்புறம் என்ன" என்பதில்தான். படித்து முடித்து வக்கீலாகப் பதிவு செய்யவே பல மாநில பார் கவுன்சில்கள் பத்தாயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தன. எஸ்சி, எஸ்டி என்றால் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்ன பிறகுதான் அதற்கு ஒரு கடிவாளம். அதற்கப்புறம் ஜூனியராக இரண்டு மூன்று வருடம். அப்பா வக்கீல் என்றால் அப்பாவின் ஆபீஸ் இருக்கிறது, கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். இவளுக்கு பஸ் காசே பிரச்சினை. ஜூனியர்களுக்கு மாதம் 15,000, பெரிய ஊர்களில் 20,000 கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் அதே வருடம் சொல்லியிருக்கிறது. கைக்கு வருவது சீனியரின் மனசைப் பொறுத்தது. படிப்பை விட்டுப்போகிறவர்களைவிட, கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் அனுப்பச் சொல்கிறேன்? நாடு முழுக்க "காடு" என்ற சொல்லுக்கே அர்த்தத்தை மாற்றிய கோதவர்மன் வழக்கு உங்கள் கூடலூர்க் காட்டை வைத்துத்தான் 1995இல் தொடங்கியது. வழக்குப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்துக்காரர், அதாவது பழைய அரச குடும்பம். காட்டுக்குள்ளேயே இருந்த பணியர்கள் அந்த வழக்கில் எங்கே இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை கோர்ட் வராந்தாவில் ஒரு பணியப் பெரியவர், தன் வக்கீல் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் என்னிடம், "என்ன சொன்னார்?" என்று கேட்டார். அவர் பாஷையில் பதில் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.

வீட்டுக்காரர்களிடம் ஜவ்வாது மலை ஸ்ரீபதியைப் பற்றிச் சொல்லுங்கள். மலையாளி என்ற பழங்குடி இனத்துப் பெண், பிரசவமான கையோடு பரீட்சை எழுதி 2024இல் சிவில் நீதிபதியாகத் தேர்வானவர்.

சரி, இப்போது வேலை. எஸ்டி சான்றிதழ் தாசில்தார் கையில் இல்லை, கோட்டாட்சியர் தர வேண்டும். கவுன்சிலிங் நேரத்தில் ஓடினால் நடக்காது, இந்த வாரமே நீங்களும் கூடப் போங்கள். ஊட்டியில் எனக்குத் தெரிந்த வக்கீல் அம்மா ஒருவரிடம் பேசிவிட்டேன். லீவு நாட்களில் அவர் ஆபீசில் வந்து உட்காரலாம், பஸ் காசு தானே தருவதாகச் சொன்னார்.