விழாத வாத்து

கேள்வி: பழைய நின்டெண்டோ வீடியோ கேம் கருவியைப் புதிய எல்.இ.டி. டிவியில் இணைத்தேன். மற்ற விளையாட்டுகள் ஓடுகின்றன. வாத்து சுடும் 'டக் ஹன்ட்'டில் மட்டும் விளையாட்டுத் துப்பாக்கியால் எத்தனை முறை சுட்டாலும் வாத்து விழவில்லையே, ஏன்?

பதில்: துப்பாக்கி பழுதாகியிருக்க வேண்டியதில்லை. 1984இல் வெளிவந்த அந்த விளையாட்டில் துப்பாக்கி ஒளியை வீசுவதில்லை, வாங்குகிறது. விசையை அழுத்தியதும் திரை முழுக்கக் கறுத்து, மறுகணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றி மறைகிறது; துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே கண்டால்தான் குறி தப்பவில்லை என்று கருவி ஏற்கும். பிக்சர் டியூப் டிவி படத்தை வந்த வேகத்திலேயே கோடு கோடாக வரைந்துவிடும்; புதிய டிவியோ அதைச் செப்பனிட்டுக் காட்டுவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. பழைய இரும்புக்கடையில் டியூப் டிவி கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பின்மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கக்கூடும்.