சாரதியிடம் கேளுங்கள்: றொக்கி மலையும் றம்பொடை இறக்கமும்

(வன்னியில் லொறியும் பிறகு கனடா, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பாரவாகனமும் ஓட்டி, இப்போது வட்டக்கச்சியில் தோட்டம் செய்பவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகளும் மருமகனும் எங்களை வரச்சொல்லி நிற்கிறார்கள். ஆவணி விடுமுறையில் 32 அடி வீட்டு வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, கொலராடோ, யூட்டா, வயோமிங் என்று மலை மாநிலங்களை இரண்டு வாரம் சுற்றுவதாகத் திட்டம். படுக்கை, குசினி, ரொயிலற் எல்லாம் உள்ளேயே இருப்பதால் ஹோட்டல் காசு மிச்சம் என்கிறார் மருமகன். பெரியவர்கள் நாலு பேர், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர். உண்மையிலேயே மலிவா?
வாசகி, மல்லாவி

பதில்: அக்கா, முதலில் விசாவைப் பாருங்கள். கனடா விசாவோடு அமெரிக்க எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள். இலங்கைப் பாஸ்போட்டுக்கு அமெரிக்க விசா தனியாக வேண்டும். அது சரிவராவிட்டால் கல்கரியில் வண்டி எடுத்து லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை போங்கள். 230 கிலோமீட்டர், வழி முழுக்கப் பனிமலை. அதுவும் றொக்கி மலைத்தொடர்தான்.

விசா இருக்கிறது என்றே வைப்போம். வீட்டு வண்டி நிற்கும்போது மலிவு, ஓடினால் இல்லை. அந்த அளவு பெற்றோல் வண்டி லீட்டருக்கு மூன்றரைக் கிலோமீட்டர் ஓடினாலே நல்ல வண்டி. ஏற்றத்தில் அதுவும் வராது. வாடகைக்கு மேல் ஓடிய மைலுக்கு ஒரு காசு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கு ஒரு காசு என்று பல கம்பனிகள் தனியாகப் போடும். விளம்பரத்தில் இருக்கும் நாள் வாடகையை மட்டும் வைத்து மருமகன் கணக்குப் பார்த்திருந்தால், இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். ரொறன்ரோவிலேயே வண்டி எடுத்தால் டென்வருக்குப் போய்வர மட்டும் 4,800 கிலோமீட்டர் வரும். 1,400 லீட்டர் பெற்றோலும் நாலைந்து நாள் வாடகையும் ஒரு மலையையும் காணாமலே போய்விடும். பிளேன் டிக்கெற் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று மாநிலத்தையும் ஒரே பயணத்தில் சுற்ற வேண்டாம், ஒன்றை விடுங்கள். நானென்றால் யூட்டாவை விடுவேன். ஆவணியில் அதன் தென்பகுதி கொதிக்கும். ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அங்குள்ள சயன் பூங்காவின் கிழக்கு மலைப்பாதையிலும் பெரிய வண்டிகளுக்கு 2026 ஜூன் 7 முதல் தடை. மொன்டானாவையும் சேர்ப்போம் என்று யாராவது சொன்னால், கிளேசியர் பூங்காவின் பேர்பெற்ற மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போக முடியாது என்று சொல்லிவிடுங்கள். 25 அடிக்குள் ஒரு வண்டி கிடைத்தால் ஆறு பேரும் நெருக்கிப் படுத்துச் சமாளிக்கலாம். பூங்காக்களில் பல முகாம் இடங்களுக்கு நீள வரம்பு இருக்கிறது, சின்ன வண்டிக்கு இடம் கிடைப்பதும் சுலபம்.

பூங்காக் கட்டணம் 2026இலிருந்து மாறிவிட்டது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருட அட்டை 80 டொலர், வெளிநாட்டவருக்கு 250. கனடாக்காரரும் இதில் வெளிநாட்டவர்தான். அட்டை இல்லாமல் வயோமிங் பக்கம் உள்ள யெலோஸ்டோன், கிராண்ட் டீற்றன் போன்ற 11 பூங்காக்களுக்குப் போனால், வழக்கமான கட்டணத்துக்கு மேல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டவர் ஒவ்வொருவருக்கும் 100 டொலர். உங்கள் நாலு பேருக்கு ஒரு பூங்காவிலேயே 400 போய்விடும். அட்டையை வாங்குங்கள்.

படுக்கைக் காசை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. மேற்கு மாநிலங்களில் அரசாங்கக் காணி பரந்து கிடக்கிறது. நிலமுகாமைப் பணியகத்தின் காணிகளில் பெரும்பாலும் 14 நாள் வரை இலவசமாக வண்டியை விட்டுத் தங்கலாம். தண்ணீரும் கரண்டும் இருக்காது. மூன்று இரவு அப்படிக் கழித்துவிட்டு, நாலாம் இரவு காசு கொடுத்து முகாமில் நின்று, தண்ணீர் நிரப்பி, ரொயிலற் தாங்கியை வெறுமையாக்குங்கள். அந்த வேலையை மருமகனிடமே விடுங்கள்.

சமையல்தான் உங்கள் கையில். யெலோஸ்டோன் ஏரி 2,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 பாகையிலேயே கொதித்துவிடும். பார்த்தால் தளதளவென்று கொதிக்கும், ஆனால் புழுங்கல் அரிசி அவியாது, பருப்பு கல்லாகவே கிடக்கும், காஸ் மட்டும் முடியும். மகளின் பிறஷர் குக்கரைக் கட்டாயம் ஏற்றுங்கள். அப்புறம் கருவாடு. நம் வன்னிக் கரடி தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் அலையும், அங்குள்ள கரடி குசினி மணத்துக்கே வரும். பொரித்த சட்டியை வெளியில் ஊறவிட்டுப் படுக்கக் கூடாது. கழுவி உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுங்கள். குப்பைக்கும் அதே சட்டம்.

மருமகன் பெரிய வாகனம் ஓடிப் பழகியவரா என்று நீங்கள் எழுதவில்லை. டென்வருக்கு மேற்கே ஐசனோவர் சுரங்கப்பாதை ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் பிதுருதலாகல உச்சியே 2,524தான். ஏறும்போது எஞ்சின் மூச்சு வாங்கும், ஓரமாக மெதுவாகப் போனால் சரி. பயம் இறக்கத்தில்தான். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பிரேக் எண்ணெய் கொதித்தால் பெடல் தரைவரை போகும். லொறிக்காரர் சொல்வது: ஏறிய கியரிலேயே இறங்கு. ஓட்டோ கியர் வண்டியிலும் கையால் கியரைக் குறைக்கலாம். வேகம் கூடினால் ஒருதரம் நன்றாக அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுக்க வேண்டும். றோட்டோரம் மேல்நோக்கிப் போகும் கிரவல் தடங்களைக் காண்பீர்கள். பிரேக் இல்லாமல் வருகிற லொறிகளுக்கு அவை. வண்டி நிறுத்தித் தேத்தண்ணி போடும் இடமல்ல.

வண்டியின் உயரத்தை ஒரு ரேப்பில் எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பாலம் கண்ணில் பட்ட பிறகு கம்பனிக்குப் போன் எடுத்துக் கேட்க முடியாது.

கேள்வி: நாங்கள் 22 பேர் றோசா பஸ் பிடித்து நுவரெலியா போகிறோம். இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டால் ஒரு இரவு தங்குகிற காசு மிச்சம். சரியா அண்ணை?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, பஸ்காரரும் அந்த இரவு தூங்கமாட்டார் என்பதைக் கணக்கில் சேர்த்தீர்களா? ஏ9 நேர் றோட்டில் கண் சொக்கும். அதே கண்ணோடு விடியற்காலையில் கண்டி, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் அந்தப் பக்கத்தில்தான். விடிய நாலு மணிக்கு வெளிக்கிடுங்கள். காலைச் சாப்பாடு, மதியப் புளிச்சாதம் இரண்டையும் கட்டிக்கொண்டு போனால் 22 பேருக்குக் கடைக்காசு மிஞ்சும், தங்குமிடத்துக்கு அதைப் போடலாம். டிட்வா புயலில் மலைநாட்டு றோட்டுகள் பட்ட பாடு தெரியும்தானே, முதல்நாள் நுவரெலியாப் பக்கம் யாரிடமாவது பாதையைக் கேளுங்கள். மழை நேரம் இறக்கத்தில் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள், சாரதிக்கு எஞ்சின் கேட்க வேண்டும்.

கேள்வி: பழைய பஸ் ஒன்றை வாங்கிச் சீற்றைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் வைத்து வீட்டு வண்டியாக்கலாமா?
வாசகர், வவுனியா

பதில்: ஆசை நல்லது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக் கம்பனியிலும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு ஸ்பானரைத் தூக்குங்கள். காஸ் சிலிண்டரை ஆள் படுக்கும் இடத்துக்குக் கீழே வைக்கவே வேண்டாம்.