எதிர்க்களிக்கும் பிள்ளைக்குச் சூப்பி கொடுக்கலாமா? – கேள்வி பதில்

பால் குடித்தபின் எதிர்க்களித்து அழும் கைக்குழந்தைக்குச் சூப்பி கொடுப்பது பற்றி வன்னியின் பல இடங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. குழந்தைகள் பிரிவுத் தாதி ஒருவர் பதில் தருகிறார்.

ஒட்டுசுட்டான், தாய் (பிள்ளைக்கு 7 கிழமை): மிஸ், குடிச்ச பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கக்குறான். படுக்க வச்சா முதுகை வளைச்சு அழுகிறான். சூப்பி குடுத்தா கக்கிறது நிக்குமெண்டு சொல்லுகினம். உண்மையோ?

கக்குவது நிற்காது. அழுகை குறையும். இரண்டையும் பிரித்துப் பாருங்கள், தங்கச்சி.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு இறுக்கத் தசை இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது இன்னும் பலப்படவில்லை. குடிப்பது முழுக்கப் பால், இருப்பது முழு நேரமும் படுக்கையில். ஆகவே பால் மேலே வருகிறது. அநேகமாக 8 கிழமைக்கு முன் தொடங்கும், 4 மாதமளவில் கூடும். 10 பிள்ளைகளில் 9 பேருக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும்.

சூப்பி சூப்பும்போது உமிழ்நீர் கூடுகிறது, பிள்ளை அடிக்கடி விழுங்குகிறது. ஒவ்வொரு விழுங்கலும் இரைப்பையிலிருந்து மேலே வந்த புளிப்பைத் திரும்பக் கீழே தள்ளும்; உமிழ்நீர் அந்தப் புளிப்பின் எரிவையும் தணிக்கும். சூப்பினால் ஆறுதல் அடைவது பிள்ளையின் இயல்பும்கூட. முலையில் போட்டால் ஆறுதலோடு இன்னும் பால் போகும். நிறைந்த வயிறு மறுபடி கக்கும். பால் இல்லாமல் சூப்பக் கொடுப்பதுதான் சூப்பியின் பயன்.

புதுக்குடியிருப்பு, தாய் (12 நாள்): இப்பவே தொடங்கலாமோ?

தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் வேண்டாம். பிள்ளை முலையைச் சரியாகக் கவ்வப் பழகி, நிறை ஏறத் தொடங்கியபின், 3 அல்லது 4 கிழமைக்குப் பிறகு பாருங்கள். இப்போது பிள்ளை முலையில் சூப்பும் ஒவ்வொரு தரமும் உங்களுக்குப் பால் சுரக்க வைக்கிறது. அந்த வேலையைச் சூப்பிக்குக் கொடுத்துவிடக்கூடாது.

மாங்குளம், தாய்: எங்கட குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் சூப்பியே வேண்டாமெண்டவ. நீங்கள் குடுக்கலாமெண்டுறியள். ஆரைக் கேக்கிறது?

அவரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் நிறை அட்டையைக் கையில் வைத்துப் பேசுபவர் அவர். வீடுகளில் அவர் காண்பது என்ன? பசிக்கு அழும் பிள்ளையின் வாயைச் சூப்பி அடைக்கிறது, பால் கொடுக்கும் தரம் குறைகிறது, பிறகு பால் வற்றுகிறது. சுத்தமில்லாத சூப்பியால் வயிற்றோட்டமும் வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. நிறை ஒழுங்காக ஏறுகிறது, கக்கியபின் அழுகை மட்டும்தான் தொல்லை என்றால், அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். சூப்பி இல்லாமலே சமாளிக்க முடிந்தால் அதுவே நல்லது.

பரந்தன், தகப்பன்: கடையில பலவிதம் தொங்குது. எதை வாங்கிறது?

வார்ப்பில் ஒரே துண்டாக வந்த சிலிக்கன் சூப்பி. காம்பும் தட்டும் ஒட்டியோ பொருத்தியோ இருந்தால், ஒரு நாள் பிரிந்து காம்பு தொண்டைக்குப் போகலாம். வாங்கமுன் இவற்றைப் பாருங்கள்:

தட்டு பிள்ளையின் வாயைவிட அகலமாக இருக்கவேண்டும், குறைந்தது 3.8 சென்ரிமீற்றர். வாய்க்குள் போகிற அளவு சின்னத் தட்டு ஆபத்து. அதில் காற்றுப் போக ஓட்டைகள் இருக்கவேண்டும். பொதியில் வயது அச்சிட்டிருக்கும். 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 0–6 என்று போட்டதே. பெரிய அளவு வாங்கி வைத்தால் வளர்ந்தாலும் உதவும் என்று நினைக்காதீர்கள். நீளக் காம்பு அடிநாக்கில் முட்டிக் குமட்டும். எதிர்க்களிக்கிற பிள்ளைக்கு அதுவே சத்தியைக் கொண்டுவரும். மணி, முத்து, மினுக்கு ஒட்டியவை வேண்டாம்.

மஞ்சள் ரப்பர் சூப்பி மென்மையானது, ஆனால் எங்கள் வெயிலில் கெதியாகப் பிசுபிசுத்து வெடிக்கும். சிலிக்கன் சூட்டைத் தாங்கும். பால் போத்தலின் காம்பில் பஞ்சு அடைத்துச் சூப்பியாகக் கொடுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கிளிநொச்சி, தாய் (10 கிழமை): எப்ப குடுக்கவேணும்? பால் குடிச்ச உடனே வச்சா துப்பிப்போட்டுக் கத்துறாள்.

உடனே வைப்பதுதான் பிழை. உள்ளே காற்று நிற்கிறது, அதன்மேல் சூப்பியும் வைத்தால் காற்று வெளியே வரும்போது பாலையும் கூட்டிக்கொண்டு வரும்.

முதலில் பால். ஒரு முலை முடிந்ததும், அல்லது போத்தலில் பாதி முடிந்ததும் நிறுத்தி, தோளில் போட்டு ஏவறை வரத் தட்டுங்கள். மிச்சத்தைக் கொடுத்து மறுபடியும் ஏவறை. பிறகு 20 முதல் 30 நிமிடம் நேராக உங்கள் நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள். இருத்தி வைப்பதும் நேராகத் தூக்குவதும் ஒன்றல்ல. சின்னக் கதிரையில் இருத்தினால் வயிறு மடிந்து அமுங்கும், பால் இன்னும் மேலே வரும். நப்பி இடுப்பில் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான்.

இந்த நேராகத் தூக்கி வைத்திருக்கிற நேரந்தான் சூப்பிக்கு நேரம். ஏவறை வந்தபின் உதட்டில் மெல்லத் தொடுங்கள். தானாக வாய் திறந்து இழுத்தால் விடுங்கள். திணிக்கவேண்டாம். அழுகை அடங்கிச் சூப்பல் தளர்ந்ததும் எடுத்துவிடுங்கள். வாயில் சூப்பி இருக்கும்போது கக்கினால், உடனே எடுத்து, பிள்ளையைப் பக்கமாகத் திருப்பி வாயைத் துடையுங்கள். அந்தச் சூப்பியைக் கழுவாமல் திரும்பக் கொடுக்காதீர்கள்.

கையை வாயில் வைத்தால், தலையைத் திருப்பி முலை தேடினால் அது பசி. அப்போது சூப்பி இல்லை, பால்.

மல்லாவி, அம்மம்மா: பேரன் ஏணையில சூப்பியோட நித்திரை கொள்ளுறான். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் பால் வராதுதானே?

அம்மா, தலையணையோ மடித்த சீலையோ வைத்து உயர்த்தவேண்டாம். பிள்ளை கீழே சறுக்கும், நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும். பால் குடித்த கையோடு ஏணையில் போட்டாலும் உடம்பு வளைந்து வயிறு அமுங்குகிறது. எதிர்க்களிக்கிற பிள்ளைக்கு அது உதவாது. சமமான, இறுக்கமான படுக்கையில், மல்லாக்காக. கக்கினால் புரையேறும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், ஆகவே மேலே வந்த பால் திரும்பக் கீழேயே போகும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ்.

நித்திரைக்குப் போகும்போது சூப்பி கொடுக்கலாம். அது நித்திரையில் நேரும் திடீர் மரணத்தின் ஆபத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விழுந்தால் திரும்ப வைக்கவேண்டாம். கயிறு, நூல், ரிபன் எதிலும் கட்டிக் கழுத்தில் போடாதீர்கள், சட்டையில் குத்தியபடி நித்திரைக்கு விடாதீர்கள். விழித்திருக்கும்போது சட்டையில் பிணைக்கும் நாடாவும் 22 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது.

செட்டிகுளம், தாய்: கிணத்துத்தண்ணி சவர். அவிச்சா சூப்பியில வெள்ளையாப் படியுது. பழுதோ?

அது தண்ணீரிலுள்ள சுண்ணம். நஞ்சல்ல, ஆனால் காம்பிலுள்ள வெடிப்பை மறைத்துவிடும். சுண்ணம் நீக்கி வடிகட்டிய தண்ணீர் கிடைத்தால் அதில் அவியுங்கள். புதுச் சூப்பியை முதலில் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள்; பிறகு 6 மாதம் வரை நாளுக்கு ஒரு தரம் அவிப்பது போதும், இடையில் சவர்க்காரமும் கொதித்தாறிய தண்ணீரும். ஆறியபின் காம்பை அமத்தி உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். அந்தச் சுடுதண்ணீர் வாயைச் சுட்டுவிடும். மூடியுள்ள காய்ந்த பெட்டியில் வையுங்கள். மூன்று இருந்தால் போதும். விழுந்ததை உங்கள் வாயில் வைத்துச் சூப்பித் துடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு நாளும் காம்பை எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். வெடிப்பு, ஒட்டல், நிறமாற்றம் இருந்தால் வீசுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பல் முளைத்த பிள்ளை சிலிக்கனைக் கடித்துத் துண்டாக்கும்.

நெடுங்கேணி, தாய்: தேனில தொட்டுக் குடுத்தால் எடுப்பான். குடுக்கட்டோ?

ஒரு வயதுக்குமுன் தேன் கூடவே கூடாது, காட்டுத்தேனும்தான். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சீனி, கற்கண்டுத் தண்ணீரும் வேண்டாம். அவன் சூப்பியை விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பூநகரி, தகப்பன் (3 மாதம், 5 கிலோ, மாப்பால்): ஒரு தரத்துக்கு 150 மில்லிலீற்றர், நாளுக்கு 7 தரம் குடுக்கிறம். சூப்பியும் இருக்கு. கக்கிறது குறையேல்லை.

இங்கே சிக்கல் சூப்பியில் இல்லை. நீங்கள் கொடுப்பது 1050 மில்லிலீற்றர். இந்த வயதில் ஒரு கிலோ நிறைக்கு நாளுக்குச் சுமார் 150, ஆக 5 கிலோவுக்கு 750. 8 தரமாகப் பிரித்தால் ஒரு தரம் 90 முதல் 95 வரும். மாவின் அளவைக் கூட்டிக் குறைக்காமல் பொதியில் உள்ளபடி கரையுங்கள். இரண்டு கிழமை இப்படிக் கொடுத்து நிறையைப் பாருங்கள். கெட்டியாக்க அரிசிமா, ரஸ்க் போடவேண்டாம். கிரைப் வாட்டரும் இதற்கு மருந்தல்ல. சத்தி நிறுத்தும் மருந்தான டொம்பெரிடோன் துளியை பார்மசியில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அது இதயத் துடிப்பைக் குழப்பக்கூடியது.

முள்ளியவளை, தாய்: எப்ப ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடவேணும்?

சத்தி பச்சையாக வந்தால், இரத்தமோ கோப்பித்தூள் போன்றதோ வந்தால், வயிறு உப்பி இறுகினால், மூச்சுத் திணறி உடம்பு நீலம் பாய்ந்தால், 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால், உடனே. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் தூரப் பாயும்படி சத்தி எடுத்துவிட்டுத் திரும்பப் பசியோடு அழுகிற 2 முதல் 8 கிழமைப் பிள்ளையையும் அன்றே காட்டுங்கள். இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் தடித்து அடைபட்டிருக்கலாம், அதற்குச் சத்திரசிகிச்சை தேவை.

நிறை ஏறாதது, சலம் குறைந்தது, பாலை மறுப்பது, 6 மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியது ஆகியவற்றுக்கும் வைத்தியரைப் பாருங்கள். சூப்பியால் அழுகை அடங்கிவிட்டது என்று இவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஓமந்தை, தாய் (8 மாதம்): கக்கிறது நிண்டிட்டுது. சூப்பியை எப்பிடி விடுவிக்கிறது?

6 மாதத்துக்குப் பிறகு சூப்பி சூப்பும் பிள்ளைகளுக்குக் நடுக்காதில் தொற்று வருவது அதிகம், ஆகவே இது நல்ல நேரம். முதலில் பகலில் நிறுத்துங்கள். கைக்கு எட்டாமல், கண்ணுக்குத் தெரியாமல் வையுங்கள். ஒரு கிழமைக்குப் பிறகு நித்திரைக்கு முன்பும் எடுத்துவிட்டு, முதுகு தடவித் தாலாட்டுங்கள். மூன்று நான்கு இரவு அழுவாள். இடையில் ஒரு இரவு கொடுத்தால் திரும்ப முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும்.