எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வால் குட்டைக்குத் தண்ணி வருமா?

"அவிநாசிப் பக்கம் எங்க ஊர்க் குட்டைக்கு அத்திக்கடவுத் தண்ணி எட்டலைங்க. எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர், அவர்கிட்டச் சொல்லி என்ன ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வால்வைத் திறக்கச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் சட்டமன்றத்தில் வினா எழுப்பி அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கலாம். முதலில் ஒன்றைப் பாருங்கள்: பவானி ஆற்றின் உபரிநீரைக் குழாய் வழியே கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் சேர்ந்த 1,045 குளம் குட்டைகளில் உங்களுடையது இருக்கிறதா? இல்லையென்றால் கோரிக்கையே வேறு, புதிதாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இருந்தால், எம்.எல்.ஏ. கேட்க வேண்டிய வினாவை எழுதிக் கொடுப்பதில்தான் சூட்சுமம். "ஆவன செய்யப்படுமா?" என்றால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். "எந்த நீரேற்று நிலையத்தின் கீழ் வருகிறது, கடைசியாக எந்தத் தேதியில் தண்ணீர் விடப்பட்டது, வராததற்குக் காரணம் குழாய் உடைப்பா, பவானியில் உபரிநீர் இல்லாததா?" என்று கேட்டால் நழுவுவது கடினம். அவையில் வாய்மொழியாகப் பதில் வரும் வினா என்றால் துணைக் கேள்வியும் போடலாம். எழுத்துமூலப் பதிலோடு நிற்பதில் அந்த வசதி இல்லை. வினா எடுக்கப்படாவிட்டால், நீர்வளத்துறை மானியக் கோரிக்கையின்போது, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு அவையில் விவாதத்துக்கு வரும்போது, அவர் பேசவோ, ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுக்கவோ செய்யலாம்.

அமைச்சர் "செய்து தரப்படும்" என்று அவையில் சொல்லிவிட்டால், அதைத் தொடர்ந்து கேட்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. எனவே அவைக்குறிப்பின் நகல் ஒன்றை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.