மருந்து சலித்தெடுக்கிறதா, மாற்றுகிறதா? ஆன்டிபயாடிக் கேள்வி பதில்

கேள்வி: சளிக்கு அடிக்கடி அசித்ரோமைசின் போட்டு, உடம்புக்கு அது பழகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: பழகுவது பாக்டீரியா, உடம்பு அல்ல. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு இந்த மருந்து பொருட்டே இல்லை. அடி வாங்கியது குடல் பாக்டீரியாதான்.

கேள்வி: சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் (சுருக்கமாக சிப்ரோ) பாக்டீரியாவில் சடுதிமாற்றத்தை, அதாவது டிஎன்ஏவில் திடீர் மாற்றத்தை, தூண்டுகிறது என்கிறார்கள். எப்படி?

பதில்: டிஎன்ஏவை வெட்டி, முறுக்கைச் சரிசெய்து, திரும்ப ஒட்டுவது கைரேஸ் நொதி. வெட்டிய நிலையிலேயே அதை மருந்து பிடித்துக்கொள்வதால் இழை அறுகிறது. வெளியே தெரியும் ஒற்றை இழைமேல் ரெக்-ஏ புரதம் சரமாகப் படியும். சுமார் 40 மரபணுக்களை அடக்கி வைத்திருக்கும் லெக்ஸ்-ஏ புரதம், அந்தச் சரத்தைத் தொட்டதும் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அடங்கியிருந்த மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். இதுதான் எஸ்ஓஎஸ், டிஎன்ஏ சேதத்துக்குச் செல்லின் அவசரகால எதிர்வினை. முதலில் ஒழுங்கான பழுதுபார்ப்பு நடக்கும். அதில் தீராவிட்டால் டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ்-5 நொதி வரும். சேதத்தைத் தாண்டி எழுதும், தப்பும் தவறுமாக. அப்படி ஒரு பிழை போதும்: ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் கைரேஸ்-ஏ புரதத்தில் 83ஆம் இடத்துச் செரின் என்ற அமினோ அமிலம் லியூசினாக மாறினாலே எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) பல மடங்கு ஏறிவிடும். லெக்ஸ்-ஏ வெட்டுப்படாத ஈ. கோலையை எலிகளில் தொற்றவைத்து சிப்ரோ கொடுத்தார்கள், எதிர்ப்பு தோன்றவில்லை. 2005இல் வெளியான ஆய்வு அது.

கேள்வி: மாற்றம் முன்பே இருக்கிறது, மருந்து சலித்தெடுக்கிறது என்று விஞ்ஞானிகள் லூரியாவும் டெல்புரூக்கும் 1943லேயே முடித்துவிட்டார்களே?

பதில்: அவர்கள் பயன்படுத்தியது மருந்தல்ல, பாக்டீரியாவைத் தாக்கும் ஃபாஜ் வைரஸ். மாட்டிய செல்லைச் சீக்கிரமே கொன்றுவிடும். செத்தது எப்போது மாறும்? குறைந்த அளவு மருந்தில் செல் உயிரோடு தவிக்கிறது. ஆனாலும் பாதி உங்கள் பக்கம்: தேவையான மரபணுவைக் குறிவைத்து எதுவும் மாறுவதில்லை. பிழைகளின் வீதம் கூடுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: (அவரே) அந்த வீதமே கணக்குப் பிழை என்றால்?

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மருந்துள்ள குழாயில் செல்கள் செத்துக்கொண்டே வளர்கின்றன. கடைசியில் மிஞ்சும் எண்ணிக்கை காட்டுவதைவிட அதிகப் பிரிதல்கள் நடந்திருக்கும். மிஞ்சியதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வீதம் பொய்யாக ஏறும். எனவே இறப்பைத் தனியே அளக்க வேண்டும். செய்பவர்களுக்கு: ஒரே வளர்ப்பிலிருந்து குழாய்க்கு ஆயிரம் செல் அளவில் விட்டு, மருந்தோடு 20, மருந்தில்லாமல் 20 குழாய்கள் வளருங்கள். மருந்தைக் கழுவிவிட்டு, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ரிஃபாம்பிசின் (வேறொரு ஆன்டிபயாடிக்; அதை எதிர்க்கும்படி மாறிய செல்களே இதில் வளரும்) உள்ள தட்டில் பரப்புங்கள்; மொத்த எண்ணிக்கைக்கு நீர்த்து வெறும் தட்டிலும். சராசரி எடுக்காதீர்கள். தொடக்கத்திலேயே மாறிய ஒரு செல் இருந்தால் அந்த ஒரு குழாயே கணக்கைக் கவிழ்க்கும். இடைநிலையிலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கணக்கிடுங்கள்.

கேள்வி: குழந்தைக்கு ஆன்டிபயாடிக் பழகிவிடுமா?

பதில்: முதல் பதில். உடம்பு பழகாது.

கேள்வி: மூன்றே நாளில் சரியாகிவிட்டது. நிறுத்தலாமா?

பதில்: எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாக்டீரியாக்களுக்குள் மரபணு கைமாறுவதையும் மருந்து தூண்டுமா?

பதில்: தூண்டும். 1992இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 காலராக் கிருமியில் எஸ்எக்ஸ்டி என்ற நகரும் துண்டு இருந்தது. சல்ஃபாமெத்தாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் நான்கையும் எதிர்க்கும் மரபணுக்கள் அதில். செட்-ஆர் புரதம் அதைப் பூட்டி வைத்திருக்கும். எஸ்ஓஎஸ் கிளம்பினால் பூட்டு உடையும். ஆய்வகத்தில் சிப்ரோ பட்டதும் பரவல் நூறு மடங்குக்கும் மேல் கூடியது. சிப்ரோவை எதிர்க்கும் மரபணு அந்தத் துண்டில் கிடையாது என்பதைக் கவனியுங்கள்: சிப்ரோ பரப்பியது மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பை.

கேள்வி: என் உடம்புக்கு அமாக்சிசிலின் பழகி…

பதில்: மேலே.